தக்கை அசைவதற்கு முன்னால்: தூண்டில் கேள்வி-பதில்

தூண்டில் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ராடு, ரீல் பற்றித்தான். ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இதுவரை மூங்கில் கழியில் தக்கை கட்டித்தான் மீன் பிடித்திருக்கிறேன். முதல்முறையாக ராடும் ரீலும் வாங்கப் போகிறேன். கடையில் போய் நின்றால் தலை சுற்றுகிறது. எதை வாங்குவது?

பதில்: முதலில் ஒன்று, அந்த மூங்கில் கழியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கரையோரம் பத்தடிக்குள் மேய்கிற மீனுக்கு இன்றைக்கும் அதைவிட நல்ல சாமான் கிடையாது, இரையை நினைத்த இடத்தில் சத்தமே இல்லாமல் இறக்கலாம். தூரமாக எறிய வேண்டும், பெரிய மீன் ஓடும்போது நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும், இந்த இரண்டுக்கும்தான் ரீல்.

ஆறரையிலிருந்து ஏழடி வரை நீளமுள்ள மீடியம் ராடு, 2500 அல்லது 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், எட்டு முதல் பத்து பவுண்டு நைலான் நரம்பு. முதல் வருடத்துக்கு இது போதும். பெய்ட்காஸ்டர் ரீலைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், அதில் எறியும்போது நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலே சுழலும், கட்டைவிரலால் அதை அடக்கப் பழகாதவரை நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொண்டே இருக்கும். ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது ஸ்பூல் அசையாது, நரம்பு அதன் விளிம்பு வழியாக உருவிக்கொண்டு போகும். 1905-ல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் நூற்பாலைத் தொழிலில் இருந்தவர். கண்டிலிருந்து நூல் உருவி வருவதை நாள் முழுவதும் பார்த்த கண்ணுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும் என்று எனக்குத் தோன்றும்.

மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு வாங்கலாமா என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதே பலத்துக்கு நைலானைவிட மிக மெல்லிசு, தூரம் போகும், கடி உடனே கையில் தெரியும், எல்லாம் உண்மைதான். ஆனால் அது இழுபடாது. நைலான் ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுபட்டுக் கொடுப்பதால் நீங்கள் பதற்றத்தில் ராடை வெடுக்கென்று இழுத்தாலும் மீனின் வாய் கிழியாமல் தப்பிக்கும். கை பழகிய பிறகு பிரெய்டுக்குப் போங்கள்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். கொஞ்சம் பஞ்சை எடுத்து ராடின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுத் தேய்த்துப் பாருங்கள், எங்காவது ஒரு இழை மாட்டினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது, அது நாளைக்கு உங்கள் நரம்பை அறுக்கும். அப்புறம் ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கிற பிரேக்கை, பாதி இறுக்கிவிட்டு நரம்பைக் கையால் இழுங்கள். ஒரே சீராக வர வேண்டும், திக்கித் திக்கி வந்தால் அந்த ரீல் வேண்டாம். பெட்டியில் எத்தனை பேரிங் என்று போட்டிருப்பதைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள்.

கேள்வி: முள்ளின் எண் கூடினால் பெரிசா, சிறிசா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், நண்பர் ஒன்று சொல்கிறார்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். 1, 2, 4, 6 என்று வெறும் எண்ணாக ஏறினால் முள் சிறிசாகிக்கொண்டே போகும். 1/0, 2/0, 3/0 என்று பக்கத்தில் பூஜ்யம் வந்தால் பெரிசாகிக்கொண்டே போகும். சின்னக் கெண்டைக்கு 10 அல்லது 12, விராலுக்கு 2/0, 3/0 என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: பெரிய மீன் மாட்டினாலே நரம்பு அறுந்துவிடுகிறது. இருபது பவுண்டு நரம்பு போட்டும் அதே கதைதான்.

பதில்: அறுந்த முனையைப் பார்த்தீர்களா? அதில்தான் விடை இருக்கிறது. முனை பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது. சொரசொரவென்று இருந்தால் கல்லிலோ சிப்பியிலோ உரசியிருக்கிறது. பிளேடால் வெட்டியது மாதிரி இருந்தால் அது மீனின் பல் அல்லது செவுள் மூடி. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு, இருபது பவுண்டு நரம்பு எதற்கும் வைத்தியம் இல்லை. தடித்த நரம்பு மீன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், கடி குறையும், அவ்வளவுதான்.

முடிச்சு என்றால் பலோமர் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள், போதும். நரம்பை இரண்டாக மடித்து முள்ளின் கண் வழியாக விட்டு, அந்த மடிப்பாலேயே தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, முனையில் மிச்சமிருக்கும் வளையத்துக்குள் முள்ளை முழுசாக நுழைத்து எடுத்து, இரண்டு நரம்பையும் சேர்த்து மெதுவாக இழுங்கள். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்தே ஆக வேண்டும். காய்ந்த நைலான் தன்மேல் தானே உரசிச் சூடேறி, முடிச்சு விழுகிற இடத்திலேயே பலம் போய்விடும். நன்றாக விழுந்த முடிச்சு வழவழவென்று படிந்திருக்கும், ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

உரசலுக்கு: ஒவ்வொரு மீன் பிடித்த பிறகும், பாறையில் ஒருமுறை மாட்டி எடுத்த பிறகும், கடைசி ஒரு மீட்டர் நரம்பைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட்டு இழுத்துப் பாருங்கள். சின்னதாக ஒரு நெருடல் தட்டினாலும் அந்த அளவுக்கு வெட்டிவிட்டு முள்ளைப் புதிதாகக் கட்டுங்கள். ஒரு மாலை, இருட்டுவதற்குள் இன்னும் ஒரு தடவை எறிந்துவிடலாம் என்ற அவசரத்தில் இதைச் செய்யாமல் எறிந்தேன். அன்றைக்கு மாட்டியது என் கையில் அதுவரை கனக்காத ஒரு கனம், கரைக்கு நாலடி இருக்கும்போது டப்பென்று போய்விட்டது. மீன் போனதைவிட அது வாயில் முள்ளோடு போனதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

டிராக்கையும் கவனியுங்கள். நரம்பின் பலத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு இழுவையிலேயே ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். பத்து பவுண்டு நரம்பு என்றால் இரண்டரை, மூன்று பவுண்டு. கொக்கித் தராசில் நரம்பை மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கையால் இழுத்துப் பார்த்து அமைக்கிறவர்கள் நிறையப் பேர் அதிகமாகவே இறுக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: நல்ல ஸ்பாட் என்று யார் சொன்னாலும் போய்விடுகிறேன். பக்கத்தில் இருப்பவர் பிடிக்கிறார், எனக்கு மட்டும் கடிக்கவே மாட்டேன் என்கிறது. இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: போனதும் என்ன செய்கிறீர்கள்? பையைத் தொப்பென்று போட்டுவிட்டு, ராடை மாட்டி, கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு ஒரு எறி. என்னிடம் வந்த கடிதங்களில் பாதிப் பேர் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். இனிமேல் போனதும் பத்து நிமிடம் ராடைத் தொடாதீர்கள். தண்ணீரைப் பாருங்கள்.

ஆறு என்றால் நுரையைப் பாருங்கள். மேலே மிதக்கும் நுரையும் சருகும் ஒரு கோடாகச் சேர்ந்து போகும், வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிக்கொள்கிற கோடு அது. இரை அந்தக் கோட்டில்தான் வரும், மீன் அதற்குப் பக்கத்தில் மெதுவான நீரில் அலட்டிக்கொள்ளாமல் நின்றுகொண்டு, இரை வரும்போது மட்டும் எட்டிப் பிடிக்கும். பெரிய கல்லுக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும், கல்லுக்கு முன்னாலும் தண்ணீர் முட்டித் திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன அமைதி இருக்கிறது, அங்கேயும் நிற்கும். வளைவுகளில் வெளிப்பக்கம் ஆழம், கரையை அரித்துக் குடைந்திருக்கும். உள்பக்கம் மணல் மேடு.

குளம், ஏரி என்றால் பாசி முடிகிற ஓரம், சாய்ந்து விழுந்த மரம், நிழல் முடிந்து வெயில் தொடங்குகிற கோடு, தண்ணீர் உள்ளே வருகிற வாய். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் உட்காருங்கள், முகத்தில் அடித்தாலும் பரவாயில்லை, மிதக்கிற இரையெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். குமிழியையும் படிக்கலாம். பொடிப்பொடியாக வந்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனால் கீழே கெண்டை சேற்றைக் கிளறி மேய்கிறது. ஒரே இடத்தில் பெரிசாக ஒன்றிரண்டு வந்து நின்றுவிட்டால் அது சேற்றிலிருந்து கிளம்பும் வாயு. கழிமுகத்தில் வற்றம், அதாவது கடல்நீர் இறங்குவது, தொடங்கும் நேரம் முக்கியம், சின்ன ஓடைகளில் ஏறியிருந்த பொடிமீனும் இறாலும் தண்ணீரோடு இறங்கி வரும், பெரிய மீன் ஓடையின் வாயில் காத்திருக்கும்.

பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் ஏன் கடிக்கிறது? அனேகமாக ஆழம். அவர் இரை தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கும், உங்களுடையது அரை அடி மேலே தொங்கும். முள்ளில் ஒரு ஈயக்குண்டை மாட்டி இறக்கி, தக்கை எங்கே நிற்கிறது என்று பார்த்து ஆழத்தை அளந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் நிற்கிறீர்கள், அவர் உட்கார்ந்திருக்கிறார். கீழேயிருந்து பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறக்குறைய 97 டிகிரி அளவுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரியும், ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால் வருவது இது. அந்தச் சாளரத்தின் ஓரத்தில் வருகிற உருவங்கள் நசுங்கி மங்கிப்போகும். உட்கார்ந்திருப்பவர் அந்த மங்கலில் மறைந்துவிடுவார், எழுந்து நிற்பவர் தெளிவாகத் தெரிவார். காலடி அதிர்வும் அப்படித்தான், மீனின் பக்கவாட்டில் ஓடுகிற உணர்கோடு நீரின் சின்ன அசைவையும் வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: அதிகாலைதான் நல்ல நேரமா?

பதில்: ஓடும் நீரிலும் திறந்த ஏரியிலும் ஆமாம். பாசியும் தாமரையும் மூடிய தேங்கிய குளத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இரவு முழுவதும் செடிகளும் நீரிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும், மீன் மந்தமாகக் கிடக்கும். அங்கே வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள். விரால் மட்டும் விதிவிலக்கு, அது மேலே வந்து காற்றையே குடிக்கும்.

கேள்வி: விரால் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் அதன்மேல் ஃப்ராக் லூரை (தவளை வடிவப் போலி இரை) போட்டால் தாய் மீன் நிச்சயம் அடிக்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு கொதிப்பது மாதிரி துடித்துக்கொண்டு நகரும். கிட்டப் போய்ப் பார்த்தால் நூற்றுக்கணக்கான குஞ்சுகள், மூச்சுக்காக மாறி மாறி மேலே வந்து போகும். அதற்கு நேர் கீழே பெரிய மீன் காவல் நிற்கிறது. அது அடிப்பது பசியால் இல்லை, குஞ்சுகளைக் காக்க. அதை எடுத்துவிட்டால் மற்ற மீனும் பறவையும் சேர்ந்து அந்தக் கூட்டத்தைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக அந்தக் குளத்தின் அடுத்த தலைமுறையையே கொடுப்பதா? நிச்சயமாகக் கிடைக்கும் மீனைப் பிடிப்பதில் என்ன விளையாட்டு இருக்கிறது என்பதும் எனக்குப் புரியவில்லை.

தனியாகத் திரிகிற விராலுக்கு அதே ஃப்ராக்கைப் பாசி மேல் போட்டு, இரண்டு தட்டு தட்டி, ஒரு இடைவெளி கொடுத்து இழுத்து வாருங்கள். தண்ணீர் வெடிக்கும்போது உடனே ராடை இழுக்காதீர்கள். நுனியைத் தாழ்த்தி ஒரு நொடி விடுங்கள், ஃப்ராக் மறைந்து நரம்பு நகர்வதைப் பார்த்த பிறகு ஓங்கி இழுங்கள். அந்த ஒரு நொடி பொறுக்கத் தெரியாமல்தான் விரால்கள் தப்பிக்கின்றன.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த மீன் எது?

பதில்: கொடுவா. யோசிக்கவே வேண்டியதில்லை. மாட்டியதும் நீரைக் கிழித்துக்கொண்டு எம்பி, தலையை உதறும், அந்தச் செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி இருப்பதால் முள்ளுக்கு முன்னால் கட்டுகிற தடித்த நரம்பான லீடர், முப்பது, நாற்பது பவுண்டில், இல்லாமல் போகவே கூடாது. எம்பும்போது ராடைத் தாழ்த்தி நரம்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இதன் பிறவியும் விசேஷமானது: பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறும். அதனால் உங்கள் கையில் இருக்கிற மிகப் பெரிய கொடுவா அனேகமாகப் பெண், லட்சக்கணக்கில் முட்டையிடக் கூடியது. பெரிசை விட்டுவிட்டு நடுத்தரத்தை எடுப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கேள்வி: கெளுத்தியைக் கழற்றும்போது கையில் குத்திவிட்டது, இரண்டு நாள் வீக்கம். என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: கையை வெந்நீரில் வைத்திருக்க வேண்டும். தோல் வெந்துவிடாமல் பொறுக்கிற சூடு, 45 டிகிரிக்குள், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். சூட்டில் விஷத்தின் வீரியம் குறைந்து வலி அடங்கும். பிறகு நன்றாகக் கழுவி, முள் உடைந்து உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், வீக்கம் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். தேளி குத்தினால் வலி இன்னும் கடுமையாக இருக்கும். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மூன்று முள்ளையும் கெளுத்தி விறைத்துப் பூட்டிக்கொள்ளும். முதுகு முள்ளுக்குப் பின்னாலிருந்து பிடித்து, பக்க முட்கள் விரல்களுக்கு வெளியே வருகிற மாதிரி வைத்துக்கொண்டு நீண்ட மூக்கு பிளையரால் கழற்றுங்கள்.

கேள்வி: மீனைத் திரும்ப விடுகிறேன், ஆனால் சில மீன்கள் மல்லாந்து மிதக்கின்றன. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: நேரம்தான் முதல் காரணம். வெயில் காலத்தில் தண்ணீரிலேயே ஆக்ஸிஜன் குறைவு, 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான், அதனால் போராடிக் களைத்த மீனை வெளியே வைத்திருக்கிற ஒவ்வொரு நொடியும் கணக்குதான். படம் எடுக்க வேண்டும் என்றால் கேமராவைத் தயாராக வைத்துவிட்டுப் பிறகு மீனைத் தூக்குங்கள். கையை முதலில் நனையுங்கள், காய்ந்த கை மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். சூடான கல்லிலும் மண்ணிலும் போடாதீர்கள், பெரிய மீனைத் தாடையில் தொங்கவிடாதீர்கள், ஒரு கை வயிற்றுக்கடியில் இருக்கட்டும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் நோண்டாமல் நரம்பை வாயோரம் வெட்டிவிடுங்கள், பிழைக்கும் வாய்ப்பு அதில்தான் அதிகம். முனை உள்பக்கம் வளைந்த சர்க்கிள் முள் பழகினால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது, அது வாயோரத்தில்தான் மாட்டும், ஆனால் அதற்கு வெடுக்கென்று இழுக்கக் கூடாது, நரம்பைச் சுற்றிக்கொண்டே போனால் தானாக மாட்டிக்கொள்ளும்.

விடும்போது முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், பின்னால் இழுத்தால் செவுளில் தண்ணீர் தலைகீழாகப் போகும். தலையை நீரோட்டத்தைப் பார்க்க வைத்து, அடியில் கையைத் தாங்கலாகக் கொடுத்துச் சும்மா பிடித்திருங்கள். செவுள் ஒரு சீராகத் திறந்து மூடும், அப்புறம் வால் உங்கள் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டும், அப்போது கையை எடுத்துவிடுங்கள்.