கேட்கவே சந்தோஷம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 34. சரக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று எழுதிய பையருக்கு, ‘ஐ ஆம் ஹேப்பி டு ஹெர்ட் தட்’ என்று மெயில் போட்டுவிட்டேன். மேனேஜர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினார். தமிழ் மீடியத்தில் படித்த பாவம். ‘இன்ட்ரெஸ்டட் டு’, ‘இன்ட்ரெஸ்டட் இன்’ இதிலும் குழப்பம். நல்ல இலக்கணப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

‘டு ஹெர்ட்’ வரை படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் வாசலில் நின்று ‘சாரி டு கேம் லேட்’ என்றேன். ஆசிரியர் அதை மூன்று முறை சொல்ல வைத்தார். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுக்க ஆங்கில வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை.

எது தவறு என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. உங்கள் மெயிலுக்கு வருகிறேன். சேதி காதில் விழுந்தாயிற்று, முடிந்த விஷயம். அதனால் மனசு இறந்தகாலம் தேடி ‘ஹெர்ட்’ போடுகிறது. ‘கேட்டதில் சந்தோஷம்’ என்ற தமிழ் பின்னாலிருந்து இழுக்கிறது. ஆனால் வீட்டில் நாம் இன்னொன்றும் சொல்வோமே, ‘கேட்கவே சந்தோஷமா இருக்கு’. ‘கேட்டவே சந்தோஷம்’ என்று எந்தக் குழந்தையாவது சொல்லுமா? ‘கேட்க’வில் காலம் கிடையாது. அதைச் சுமப்பது ‘இருக்கு’, ‘இருந்துச்சு’. ‘டு ஹியர்’ அப்படியே இதுதான். அங்கே சுமப்பது ‘ஆம்’, ‘வாஸ்’. நன்னூல் வினையெச்ச வாய்பாடுகளில் ‘செய’ என்று ஒன்று வருகிறதே, அதுதான் இந்தக் ‘கேட்க’. சொல்ல வெட்கம், போகத் தயக்கம், பார்க்க ஆசை எல்லாம் அந்த வாய்பாடுதான். நான் அன்று சொல்ல வந்தது ‘லேட்டா வந்ததுக்கு’. அதற்கு ‘ஃபார் கமிங் லேட்’.

‘பேசப் பயம்’, ‘விழுந்துடுவேனோன்னு பயம்’ இரண்டையும் நீங்கள் ஒருநாளும் குழப்பியதில்லை. முதலாவது ‘அஃப்ரெய்ட் டு ஸ்பீக்’. அடுத்தது ‘அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்’.

தமிழ் மீடியத்தில் படித்த பாவம் என்று இனி எழுதாதீர்கள். கோபம் வருகிறது. உங்கள் நாக்கிலேயே இருக்கும் இலக்கணத்தை எடுத்துக்காட்டி ஆங்கிலம் சொல்லித்தர ஒருவரும் வரவில்லை. வகுப்பில் தமிழில் விளக்கினால் கேவலம் என்று நினைத்தார்கள். பாவம் செய்தவர்கள் அவர்கள்.

இன்ட்ரெஸ்டட் விவகாரத்துக்கு நல்ல அகராதி போதும், உதாரண வாக்கியங்களைப் பாருங்கள்.

மேனேஜர் மறுபடி வாசித்துக் காட்டினால், ஏன் தவறு என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியாது என்றே நினைக்கிறேன்.