மான் கறி வெட்டுகிறவருக்கு டிப்ஸ் வைக்கணுமா? (கேள்வி பதில்)

அமெரிக்காவின் விஸ்கான்சினில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் ஒன்பது நாள். நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும். அந்த நாட்களில் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மானைக் கூலிக்கு வெட்டித் தருகிற ஒரு கறிப் பட்டறையில் கத்தி பிடிப்பவன் நான். இது ஆறாவது வருடம். நானும் வேட்டைக்குப் போகிறவன்தான். கேள்விகள் நிறைய வந்துவிட்டன, முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, இதுதான் என் முதல் மான். பில் 130 டாலர். கார்டு மெஷின் 18, 20, 25 சதவீதம் என்று கேட்டது. பின்னால் நாலு பேர் நின்றதால் 20-ஐ அழுத்திவிட்டேன். ஏமாந்துவிட்டேனா? (மில்வாக்கி)

ஏமாறவில்லை தம்பி, கூச்சப்பட்டுவிட்டீர்கள். ஓட்டலில் டிப்ஸ் கட்டாயம் மாதிரி ஆனதற்குக் காரணம் சம்பளம். டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது மத்திய சட்டம்; 1991-லிருந்து அந்தத் தொகை மாறவில்லை. எங்கள் மாநிலத்தில் 2.33. கறி வெட்டுகிறவர் கதை அப்படியில்லை, அவருக்கு முழுக் கூலி உண்டு.

இன்னொன்று, கறி ஏற்கெனவே உங்களுடையது. காட்டு மானின் கறியை இங்கே விற்க முடியாது, அது குற்றம். ஆக அந்த 130 டாலரும் பெரும்பாலும் வெட்டுக்கூலிதான். கூலிக்கு மேல் சதவீதக் கணக்கு எதற்கு? நீங்கள் 20 பவுண்டு சம்மர் சாசேஜ் சொல்லியிருந்தால் பில் ஏறியிருக்கும். அந்த ஏற்றம் பன்றிக் கொழுப்புக்கும் மசாலாவுக்கும் புகை போடுவதற்கும். அதற்கும் சேர்த்து 20 சதவீதமா?

அப்போ எவ்வளவு, யாருக்கு? (கிரீன் பே)

நான் வாடிக்கையாளராகப் போகும்போது ஒரு மானுக்கு 10 டாலர், வேலை சிரமமாக இருந்தால் 20. தாளாக, வெட்டினவர் கையில். கல்லாவில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போனால் அது எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது. தொழிலாளியின் டிப்ஸை முதலாளியோ மேனேஜரோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-இல் சட்டமே திருத்திவிட்டார்கள். இருந்தாலும் நேரில் கொடுப்பது நேரில் கொடுப்பதுதான்.

முதலாளி ஒருத்தரே தோல் உரித்து, ஒருத்தரே வெட்டி, ஒருத்தரே பில் போடுகிற கடையும் உண்டு. அங்கே விலையை வைத்தவரே அவர்தான். டிப்ஸ் வேண்டாம். அடுத்த வருடமும் அவரிடமே போங்கள், போதும்.

போன வருடம் முதல் ஞாயிறு இரவு பதினொரு மணி. வெளியே டிரக் வரிசை, உள்ளே குளிர் அறையில் மான் தொங்க இடமில்லை. என் பக்கத்து மேசைக்காரர் முதுகுக்கறியிலிருந்து ஜவ்வு எடுத்துக்கொண்டிருந்தார். வால் பக்கம் கத்தி நுனியை நுழைத்து, இடது கையால் ஜவ்வை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியை லேசாக மேல்நோக்கிச் சாய்த்து ஒரே ஓட்டம். வெள்ளி ரிப்பன் மாதிரி முழுசாக வந்தது, கறி ஒட்டவே இல்லை. விரல் மரத்துப்போய் அதற்குமேல் கையுறையைக் கழற்ற முடியவில்லை அவரால். அப்போது ஒரு பெரியவர், மானை இறக்க வந்தவர், சூடான காபி ஒரு பெட்டியும் டோனட் இரண்டு டஜனும் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு வந்த பணம் யார் யார் தந்தது என்று ஞாபகமில்லை. அந்தக் காபி ஞாபகமிருக்கிறது.

எப்போது கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பீர்கள்? (லா கிராஸ்)

கட்டாயம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் குண்டு குடலில் பட்ட மான், ராத்திரி முழுக்கக் குடல் எடுக்காமல் கிடந்த மான், இலையும் மண்ணும் முடியுமாகத் தரையில் இழுத்து வந்த மான், இதைக் கொண்டுவருகிறவர் கொஞ்சம் யோசிக்கலாம். அந்த நாற்றத்தோடு நின்று நல்ல கறியைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பது இரட்டை வேலை. பல கடையில் அழுக்கு மானுக்குத் தனிக் கட்டணமே உண்டு. அதைக் கட்டிவிட்டால் கணக்கு தீர்ந்தது. இல்லாத கடையில் 20 டாலர் நியாயம்.

இதைவிட நல்ல வழி, உடனே குடலெடுத்து, வயிற்றுக்குள் ஐஸ் வைத்து 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே குளிரவைத்துக் கொண்டுவருவது. குளிர்ந்த, சுத்தமான மானைப் பார்த்தால் எங்களுக்கு டிப்ஸ் நினைப்பே வராது.

பணத்துக்குப் பதில் கறியாகவே கொடுத்துவிடலாமா? எங்கள் ஊரில் கிடா உரிப்பவருக்குத் தோலைக் கொடுப்பார்கள். (மேடிசன்)

வெட்டுக்கூலிக்குப் பதிலாகக் கறி என்று பேசினால் பண்டமாற்று ஆகிவிடும். பல மாநிலங்களில் அதுவும் விற்பனை மாதிரிதான். கூலியைக் கட்டிவிட்டு, அப்புறம் அன்பாக ஒரு பொட்டலம் ஜெர்க்கி (நம்ம உப்புக்கண்டம் மாதிரி) கொடுத்தால் அது பரிசு, அதில் தப்பில்லை. ஆனால் நவம்பரில் மான் கறி வெட்டுகிறவர் வீட்டு ஃப்ரீசரில் மான் கறிக்கா பஞ்சம்?

தோல் விஷயம் இங்கேயும் அதே கதைதான் சார். வேண்டாம் என்றால் கடையிலேயே விட்டுவிடுவார்கள். இந்தப் பக்கம் சில இடங்களில் ஒரு மான் தோல் கொடுத்தால் ஒரு ஜோடி தோல் கையுறை தருகிற வழக்கமும் இருக்கிறது.

150 பவுண்டு மானைக் கொடுத்தேன், 54 பவுண்டு கறிதான் வந்தது. மீதியை அவர்களே வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால் டிப்ஸ் வைக்கவில்லை. சரிதானே? (ஓ கிளேர்)

டிப்ஸ் வைக்காதது உங்கள் இஷ்டம். காரணம்தான் தப்பு. குடலெடுத்த பின் 150 என்றால் தலை, தோல், கால் போய் 110 சொச்சம் நிற்கும். எலும்பு நீக்கினால் 70, 75. அதிலிருந்து குண்டு பட்டு ரத்தம் கட்டிய இடம், காய்ந்துபோன மேல்பக்கக் கறி, கொழுப்பு, ஜவ்வு போக வேண்டும். மான் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பு மாதிரி இல்லை, நாக்கில் மெழுகாக ஒட்டும். அதை விட்டுவைத்தால் நீங்களே திட்டுவீர்கள். 54 நல்ல கணக்கு. தோள்பட்டையில் சுட்டிருந்தீர்கள் என்றால் ரொம்ப நல்ல கணக்கு.

என் மானின் கறிதான் எனக்கு வருகிறது என்று எப்படி நம்புவது? (வாசா)

கேளுங்கள். மானைக் கொடுக்கும்போதே கேளுங்கள். முழுத் துண்டுகள் பெரும்பாலும் உங்கள் மானுடையதுதான். சாசேஜுக்குச் சில கடைகளில் பலருடைய கறியைச் சேர்த்து அரைப்பார்கள், ஏனென்றால் மெஷினுக்குச் சிறிய அளவு ஓடாது. ஒருமுறை வேறொரு கடையில் எனக்கே இப்படி ஆனது. நான் சுட்டது குட்டி மான், வந்த சாசேஜோ மூன்று பெட்டி! சிரித்துக்கொண்டே வாங்கிவந்து அப்புறம் கவலைப்பட்டேன்.

கவலைக்குக் காரணம் சிடபிள்யூடி, மானின் மூளையைக் கெடுத்துக் கொல்லும் தொற்றுநோய். கலந்து அரைத்ததில் அந்த நோயுள்ள மானும் இருக்கலாம் இல்லையா? முதலில் 1967-இல் கொலராடோவில் தெரிந்தது. இங்கே 2002-இல், மவுன்ட் ஹோரப் பக்கத்து மான்களில். மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிடாதீர்கள் என்பதுதான் அரசு சொல்வது. எங்கள் மாநிலத்தில் பரிசோதனை இலவசம். முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் இருக்கட்டும். தனியாக வெட்டித் தரச் சொன்னால் மேசை, கத்தி எல்லாம் கழுவிவிட்டுத் தொடங்க வேண்டும். அந்த வேலைக்குக் கூடுதலாக ஏதும் வாங்கவில்லையென்றால் ஒரு 10 டாலர் வைக்கலாம்.

தானமாகக் கொடுக்கும் மானுக்கு? (ஜேன்ஸ்வில்)

வேண்டாம். 2000-இலிருந்து இங்கே அதற்குத் திட்டம் இருக்கிறது. வெட்டுக்கூலி கடைக்குத் திட்டத்திலிருந்து போய்விடும், கறி பசித்தவர்களுக்குப் போகும்.

நாங்களும் வேட்டைக்கு வரலாமா என்று ஆசையாக இருக்கிறது சார். (ஈரோடு)

அங்கே ஆசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, மான் மீது கை வைத்தால் ஜெயில்.

கறி ரெடி என்று கடையிலிருந்து போன் வந்து இரண்டு வாரம் ஆகிறது. வீட்டு ஃப்ரீசரில் இடமில்லை. பொங்கலுக்கு அப்புறம் எடுத்துக்கொள்கிறேன், நல்ல டிப்ஸ் வைத்துவிடுகிறேன். பரவாயில்லையா? (மில்வாக்கி)

பரவாயில்லையா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்! அவர் ஃப்ரீசரில் இப்போது உங்களை மாதிரி நாற்பது பேர் பெட்டி கிடக்கும். டிப்ஸ் வேண்டாம் தம்பி. இன்றைக்கு சாயங்காலம் போய் எடுத்துவிடுங்கள், இடமில்லையென்றால் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.