ஃப்ரீசர்ஃபர் (மூளை எம்ஆர்ஐ ஸ்கேனிலிருந்து மூளைப் பரப்பை வரையும் மென்பொருள்) பிழையில்லாமல் முடிந்தும் டெம்போரல் முனையில் பரப்பு வெட்டுப்படுகிறது. எப்படிச் சரிசெய்வது?

அதன் படிகளை வரிசையாக ஓட்டும் ரீகான்-ஆல் கட்டளை முழுதாக ஓடி, லாக் கோப்பின் கடைசி வரியும் பிழையின்றி முடிந்ததாகச் சொல்கிறது; ஆனால் முடிவைப் படமாகப் பார்க்கும் ஃப்ரீவியூவில் திறந்தால் இடது டெம்போரல் லோபின் முன்முனைக்குப் போகாமல் வொயிட் பரப்பு (வெண்பொருளுக்கும் சாம்பல்பொருளுக்கும் நடுவிலுள்ள எல்லை) பாதியிலேயே திரும்பிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்கு, எல்லாப் படிகளும் ஓடிவிட்டன என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்பதை நம் கண்தான் பார்க்க வேண்டும்.

பலரும் உடனே சாம்பல்பொருளின் வெளி எல்லையான பையல் பரப்பைத் திருத்தப் போகிறார்கள். அதில் பயனில்லை. வொயிட் பரப்பிலிருந்து வெளியே நகர்த்தித்தான் பையல் உருவாகிறது. உள்ளே இருப்பது குறைந்தால் வெளியே இருப்பதும் குறையும். அதனால் பின்னோக்கிப் போங்கள். முதலில் பிரெயின்மாஸ்க், அதாவது மண்டையோடு நீக்கிய மூளைப் படம்: முனைப்பகுதி மண்டையோட்டோடு சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தால் கோளாறு மண்டையோட்டை நீக்கும் ஸ்கல் ஸ்ட்ரிப்பிங் படியில். அந்தப் படி எவ்வளவு வெட்டும் என்பதைத் தீர்மானிக்கும் வாட்டர்ஷெட் அளவின் இயல்பு மதிப்பு 25. அதை 35 ஆக்கி, பழைய மாஸ்க்கை அழிக்கும் தேர்வோடு அந்தப் படியை மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

மாஸ்க் சரியாக இருக்கிறதா? அப்புறம் அதே இடத்தில் வெண்பொருள் வோக்சல்களை (ஸ்கேனின் முப்பரிமாணப் புள்ளிகளை) கிளிக் செய்து பிரகாச எண்ணைப் பாருங்கள். வெண்பொருளை 110-க்குக் கொண்டுவருவதுதான் பிரகாசத்தைச் சீராக்கும் நார்மலைசேஷன் படியின் வேலை. டெம்போரல் முனையில் சிக்னல் மங்குவதால் 90, 85 என்று இறங்கிக் கிடக்கலாம். அப்போது மென்பொருள் அதைச் சாம்பல்பொருள் என்று எடுத்துக்கொள்ளும். இது வெண்பொருள்தான் என்று மென்பொருளுக்குக் காட்ட நாம் வைக்கும் கன்ட்ரோல் பாயின்ட் இங்கேதான் உதவும். சந்தேகமே இல்லாத வெண்பொருளில், 110-க்குக் குறைவான வோக்சல்களில் மட்டும், சில ஸ்லைஸ்களில் பரவலாக வையுங்கள். ஓரத்தில் வைக்கவே வைக்காதீர்கள். வைத்தால் சாம்பல்பொருளும் வெளுத்து, கார்டெக்ஸ் தடிமன் பொய்யாகக் குறையும். பிறகு ரீகான்-ஆலின் ஆட்டோரீகான்2-சிபி, ஆட்டோரீகான்3 பகுதிகளை ஓட்டினால் போதும், முதலிலிருந்து ஓட்டத் தேவையில்லை.

எண் 110 அருகே இருந்தும் வெண்பொருள் விட்டுப்போயிருந்தால் கன்ட்ரோல் பாயின்ட் எதையும் மாற்றாது. வெண்பொருளை மட்டும் காட்டும் டபிள்யூஎம் வால்யூமில் அந்த வோக்சல்களைக் கையால் நிரப்பி, ஆட்டோரீகான்2-டபிள்யூஎம்மிலிருந்து ஓட்டுங்கள். ஓட்டம் நடுவில் அறுந்து, மறுபடி தொடங்க மறுத்தால், வேறு ஓட்டம் எதுவும் நடக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் மிஞ்சியிருக்கும், ஓட்டம் நடப்பதைக் குறிக்கும் இஸ்-ரன்னிங் கோப்பை அழித்துவிடுங்கள்.

அல்சைமர் ஆய்வு என்று எழுதியிருப்பதால் இன்னொன்று. நோயில் முதலில் மெலியும் இடங்களில் ஒன்றான என்டோரைனல் கார்டெக்ஸ் இந்த முனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நோயாளிகளின் ஸ்கேனை மட்டும் திருத்திவிட்டு மற்றவர்களை அப்படியே விட்டால், குழு வேறுபாடு நம் திருத்தத்தாலேயே வந்துவிடும். ஒரே விதிப்படி எல்லோருடையதையும் பாருங்கள். திருத்துபவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாதபடி கோப்புப் பெயர்களை மாற்றிக் கொடுங்கள். ஃப்ரீசர்ஃபர் பதிப்பையும் நடுவில் மாற்ற வேண்டாம். பதிப்பு மாறினாலே தடிமன் எண்கள் மாறும்.