தார் ரோடு முடிகிற இடத்தில் இன்சூரன்சும் முடிகிறதா? கேம்பர்வேன் வாடகை: கேள்வி-பதில்

கேள்வி: நாங்கள் பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். கேம்பர்வேன் (படுக்கை, சமையல் வசதி உள்ள வேன்) ஒன்றை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, ஒதுக்குப்புறமான ஒரு கடலோரக் கிராமத்துக்குப் போக ஆசை. கடைசிப் பதினைந்து கிலோமீட்டர் ஜல்லிச் சாலை. மணல்மேடுகள், கடல் குகை, பாறைகளுக்கு நடுவே தேங்கும் கடல்நீர்க் குட்டைகள் எல்லாம் ஊருக்குப் பக்கத்தில்தான். ‘ஆறு பேர் படுக்கலாம்’ என்று விளம்பரம் சொல்கிறது. தினமும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் ‘முழு இன்சூரன்ஸ்’ தருகிறார்களாம். முன்பணம் கட்டிவிடலாமா?

பதில்: இப்போது கட்ட வேண்டாம். முதலில் சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

‘ஆறு பேர் படுக்கலாம்’ என்பது படுக்கைக் கணக்கு. வண்டி ஓடும்போது சீட் பெல்ட்டோடு எத்தனை பேர் உட்காரலாம் என்பது வேறு கணக்கு. ஆறு படுக்கை இருந்து நான்கு பெல்ட் மட்டுமே உள்ள வண்டிகள் நிறைய ஓடுகின்றன. பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கும் இருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்தக் கூடாது. அதனால் முன்னோக்கிப் பார்க்கும், பெல்ட் உள்ள இருக்கைகள் எத்தனை என்று கேளுங்கள். ஆறுக்குக் குறைவு என்றால் அந்த வண்டி உங்களுக்கு உதவாது. பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

அடுத்தது எடை. பல நாடுகளில் சாதாரண கார் லைசென்சில் ஓட்டக்கூடிய வண்டிக்கு மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. ஆறு பேர் படுக்கும் அளவு பெரிய வண்டி காலியாகவே 3,000 கிலோ இருக்கலாம். ஆறு பேருக்கு 370 கிலோ போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் டேங்க் 100 லிட்டர் என்றால் அது 100 கிலோ. மிச்சம் இருக்கும் 30 கிலோவுக்குள் உடைகள், சாப்பாட்டுச் சாமான், நாற்காலிகள் எல்லாம் அடங்குமா? அடங்காது. அளவுக்கு மீறி ஏற்றிய வண்டி நிற்பதற்கு அதிக தூரம் எடுக்கும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் அதையும் கேட்கலாம். காலி எடை, அனுமதித்த மொத்த எடை இரண்டையும் கேட்டுக் கழித்துப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம், அந்த ‘முழு இன்சூரன்ஸ்’. வாடகை வண்டி இன்சூரன்சில், சேதம் ஏற்பட்டால் முதல் இவ்வளவு தொகை நீங்கள் தர வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கும். கூடுதல் பணம் கட்டுவது பெரும்பாலும் அந்த வரம்பைக் குறைக்கத்தான். எந்தெந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பொருந்தாது என்ற பட்டியல் அதனால் மாறாமலேயே இருக்கலாம். அந்தப் பட்டியலில் வழக்கமாக என்ன இருக்கும் தெரியுமா? கூரை, வண்டியின் அடிப்பாகம், டயர், கண்ணாடி, வெளியே விரிக்கும் பந்தல், மணலில் சிக்கிய வண்டியை இழுக்கும் செலவு, தண்ணீரில் இறங்கியதால் வந்த பழுது, தார் போடாத சாலையில் நடந்த எதுவும். கூடுதலாகக் கட்டினால் கண்ணாடியையும் டயரையும் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. கூரையும் அடிப்பாகமும் பெரும்பாலும் விலக்கப்பட்டே இருக்கும்.

இந்தப் பட்டியலை உங்கள் பயணத்தோடு சேர்த்துப் படியுங்கள். ஜல்லியில் கல் தெறிப்பது அடிப்பாகத்திலும் டயரிலும். குறுகலான கிராமச் சாலையில் மரக்கிளை இடிப்பது கூரையில். கடற்கரையில் காத்திருப்பது மணலும் உப்புத் தண்ணீரும். நெடுஞ்சாலையில் போய் வருகிறவருக்கு அந்த இன்சூரன்ஸ் ஏறக்குறைய முழுசு. உங்களுக்கு அது பாதிகூட இல்லை. ஐஸ்லாந்தில் காற்று அள்ளி வீசும் மணலும் எரிமலைச் சாம்பலும் பெயின்ட்டையும் கண்ணாடியையும் உரசிப் பாழாக்குவதால், அதற்கென்றே தனிக் காப்பீடு விற்கிறார்கள். காற்று கதவைப் பிடுங்கி வளைத்துவிட்டால் அங்கே பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான் விழும். எந்த நாட்டுக் கடற்கரையானாலும் இந்த இரண்டையும் கேட்டுவைப்பது நல்லது.

எனவே மின்னஞ்சலில் ஊர் பெயரையும் சாலையையும் குறிப்பிட்டு இப்படி எழுதுங்கள்: “இந்த ஊருக்கு இந்தச் சாலை வழியாகப் போகிறோம். ஒப்பந்தப்படி அனுமதி உண்டா? அங்கே வண்டி நின்றுபோனால் உங்கள் உதவி வண்டி வருமா, செலவு யாருடையது?” கவுன்ட்டரில் ஒருவர் வாய் வார்த்தையாக “அதெல்லாம் போகலாம்” என்றால் அதற்கு மதிப்பில்லை. அனுமதி இல்லை என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள், அது நேர்மையான பதில். தார் ரோடு முடியும் இடத்துக்கு அருகே முகாம் போட்டுவிட்டு, கடைசித் தூரத்துக்கு உள்ளூர் வண்டி பிடித்துப் போகலாம். இல்லையென்றால் ஜல்லிச் சாலையை ஒப்பந்தத்திலேயே அனுமதிக்கும் இன்னொரு நிறுவனத்தைத் தேடலாம். வாடகை சற்று அதிகமானாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

டெபாசிட் பற்றியும் ஒரு வார்த்தை. கார்டில் அந்தத் தொகையை நிறுத்தி மட்டும் வைப்பார்களா, எடுத்துக்கொண்டு பிறகு திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். திருப்பித் தருவதென்றால் எத்தனை நாளில் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: ‘வெளி மின்சாரம் இல்லாமல் மூன்று நாள் தாங்கும், சோலார் உண்டு’ என்கிறது ஒரு விளம்பரம். நம்பலாமா? நாங்கள் இரண்டு பேர்தான்.

பதில்: எந்த பேட்டரி என்று சொல்லாத வரை நம்ப வேண்டாம். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒன்று நாளைக்குச் சுமார் 30 முதல் 50 ஆம்பியர்-ஹவர் (பேட்டரி மின்சாரத்தை அளக்கும் அலகு) இழுக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் கெடாமல் பயன்படுத்தலாம். அதாவது ஃப்ரிட்ஜுக்கு மட்டுமே ஒரு நாள், ஒன்றரை நாள். அதே அளவு லித்தியம் பேட்டரியில் 80-க்கு மேல் கிடைக்கும். கூரையில் படுத்திருக்கும் 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் நாளைக்கு 25 முதல் 35 வரை திருப்பித் தரும். மேகமூட்டமான கடற்கரையில் அதில் பெரும்பங்கு போய்விடும். ஆக, லித்தியமும் 200 வாட் பேனலும் இருந்தால் மூன்று நாள் என்பது நியாயமான வாக்கு. உள்ளே இருக்கும் ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டும் முகாமில் வெளி மின்சாரம் கொடுத்தால்தான் ஓடும் என்பது பல வண்டிகளில் நிலைமை. வெயில் காலத்தில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

பழைய வண்டிகளில் கேஸிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் இருக்கும். வண்டி சமதளத்தில் நின்றால்தான் அது ஒழுங்காகக் குளிரும்; மணல்சரிவில் நிறுத்தினால் குளிராது.

ஆனால் முதலில் தீர்வது பெரும்பாலும் மின்சாரம் அல்ல, தண்ணீர்தான். சமையல், கழுவல், சிக்கனமான குளியல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 லிட்டர் வைத்தால் இருவருக்கு 80 லிட்டர் டேங்க் மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவாக வரும். குடிநீரைத் தனிக் கேன்களில் கொண்டுபோங்கள். டேங்க் கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது.

கேஸ் அடுப்பு இருக்கும் வண்டியில் கேஸ் கசிவு அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டும் இருக்கின்றனவா, பட்டனை அழுத்தினால் ஒலிக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். எல்பிஜி காற்றை விடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். அதற்காகத்தான் தரையில் துளை விட்டிருப்பார்கள். மணல் வருகிறது, குளிர்கிறது என்று அந்தத் துளையை அடைக்காதீர்கள். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அலாரம் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

கேள்வி: கடற்கரை மணலிலேயே வண்டியை நிறுத்தி இரவு தங்கலாமா? கடல் குகைக்கு எந்த நேரத்தில் போவது?

பதில்: மணலில் நிறுத்த வேண்டாம். அனுமதி இருக்கும் இடத்தில்கூட வாடகை வண்டியை இறக்க வேண்டாம். பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை இறங்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். மாலையில் காய்ந்து கிடந்த இடம் நள்ளிரவில் தண்ணீருக்குள் போகலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மற்ற நாட்களை விட மேலே ஏறும், கீழேயும் அதிகம் இறங்கும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இந்த ஏற்ற இறக்க வித்தியாசம் 16 மீட்டர் வரை போகிறது.

இதே கணக்கு குகைக்கும் உதவும். பாறைக் குட்டைகளும் குகையும் நன்றாகத் தெரிவது கடல் அதிகம் இறங்கும் அந்த அமாவாசை, பௌர்ணமி நாட்களில்தான். பயணத் தேதியைப் பதிவு செய்யும் முன் அந்தக் கடற்கரைக்கான அலை அட்டவணையைப் பாருங்கள். கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே போய், முழுதாக இறங்கும் நேரத்தில் திரும்பத் தொடங்குங்கள். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று போன நேரத்தை வைத்து இன்று போகாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்டிக் கழிவறையின் கழிவு சேரும் பெட்டியைச் சாக்கடையிலோ மணலிலோ கொட்டாதீர்கள். சின்ன ஊர்களில் செப்டிக் டேங்க்தான் இருக்கும். பெட்டியில் ஊற்றும் சில ரசாயனங்கள் அந்த டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். நாம் ஊர் திரும்பிவிடுவோம், அடைத்துக்கொண்ட டேங்கோடு இருப்பது அந்த ஊர் மக்கள். இருவர் பயன்படுத்தினால் பெட்டி இரண்டு மூன்று நாளில் நிறையும். அதைக் கொட்டுவதற்கான இடம் வழியில் எங்கே இருக்கிறது என்று புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனிநபர் ஒருவர் தன் சொந்த வேனை நிறுவனங்களை விடக் குறைந்த வாடகைக்குத் தருகிறார். எடுக்கலாமா?

பதில்: வாடகைக்கு விடவும் செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் சான்று கையில் வந்தால் எடுக்கலாம். சொந்த உபயோகத்துக்கான இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வேண்டாம்.

கேள்வி: பயணம் முடித்து வண்டியை இரவில் நிறுவன வாசலில் விட்டு, சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். இரண்டு வாரம் கழித்து, அடிப்பாகத்தில் சேதம் என்று சொல்லி டெபாசிட்டில் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். என்ன செய்வது?

பதில்: போனில் வாதாடாதீர்கள். எழுத்தில் மூன்றைக் கேளுங்கள்: தேதியுள்ள சேதப் படங்கள், வண்டியை நீங்கள் எடுத்தபோது எழுதிய நிலை அறிக்கை, பழுதுபார்த்த பில் அல்லது மதிப்பீடு. எடுத்தபோது அடிப்பாகத்தை யாரும் பார்க்கவே இல்லை என்றால், அந்தச் சேதம் உங்கள் வாரத்தில்தான் வந்தது என்று அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால், கார்டில் பணம் கட்டியிருந்தால் உங்கள் வங்கியிடம் அந்தப் பிடித்தத்தை மறுத்து விண்ணப்பிக்கலாம். அதற்குக் காலவரம்பு உண்டு, இந்த வாரமே செய்யுங்கள். வங்கி ஏற்காவிட்டால் நுகர்வோர் அமைப்பிடம் போகலாம்.

இரவில் வண்டியை விட்டுவிட்டு வருவது உங்கள் நிலையைக் கொஞ்சம் பலவீனமாக்கும். ஊழியர் வந்து பார்க்கும் வரை பொறுப்பு உங்களுடையது என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. இனி எடுக்கிறவர்கள் வேலை நேரத்தில் திருப்பிக் கொடுத்து, கூடவே நின்று கையெழுத்து வாங்குங்கள். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் போனில் வீடியோ எடுங்கள். நான்கு பக்கத்தை மட்டும் எடுத்தால் போதாது. போனைக் கீழே நீட்டி அடிப்பாகம், கையை உயர்த்திக் கூரை விளிம்பு, ஒவ்வொரு டயரின் பக்கச்சுவர், கண்ணாடியில் உள்ள கல் தழும்புகள் எல்லாம் வர வேண்டும். அன்றே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால் தேதி பற்றிய சண்டை வராது. கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். அதிக அழுத்தத்தில் அடிக்கும்போது ஃப்ரிட்ஜின் வெளித்துளைகளைத் தவிருங்கள்.

கேள்வி: போய் வந்ததில் வேன் மேல் ஆசை வந்துவிட்டது. வாடகை நிறுவனம் தன் பழைய வண்டிகளை விற்கிறது. வாங்கலாமா?

பதில்: ஓடிய கிலோமீட்டரைக் கண்டு பயப்பட வேண்டாம். சர்வீஸ் புத்தகம் ஒழுங்காக இருந்தால் வாடகை வண்டிகளின் இன்ஜின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பயப்பட வேண்டியது ஈரத்துக்கும் துருவுக்கும். உள்ளே நுழைந்ததும் பூஞ்சை வாடை அடிக்கிறதா பாருங்கள். ஜன்னல் ஓரங்களையும் கூரை மூலைகளையும் விரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் சுவருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யும் செலவு வண்டி விலையையே கேள்விக்குறியாக்கும். அப்புறம் வண்டியை மேலே தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். தூக்கிக் காட்ட மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.

டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. இந்த வண்டிகள் மாதக்கணக்கில் பாரத்தோடு நின்றிருந்தால் டயர் தேயாமலேயே வயதாகி வெடிப்பு விடும். ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள். ஐந்து ஆறு வருடம் தாண்டியிருந்தால் முழு செட் டயர் விலையை விலையிலிருந்து குறைக்கச் சொல்லிப் பேசுங்கள்.