மொன்றியல் இத்தாலியரும் கங்காணியும்

அன்புள்ள ஐயா,

மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வசிக்கிறேன். ஜான்-தலோன் சந்தைக்குப் போகும்போதெல்லாம் லிட்டில் இத்தாலியைப் பார்க்கிறேன். அங்கு முதலில் வந்த இத்தாலியரைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ரயில்வேக்கு ஆள் பிடித்துக் கொடுத்த அன்டோனியோ கோர்டாஸ்கோவைக் கங்காணி என்று எழுதியிருந்தீர்கள். தங்களைச் சுரண்டியவருக்குத் தொழிலாளர்களே ஊர்வலம் நடத்தி முடிசூட்டினார்கள் என்று நீங்கள் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. குடியேற வந்த இடத்தில் அவர்களுக்கு வேறு துணையே இருக்கவில்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

‘குடியேற வந்த’ என்கிறீர்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொன்றியலில் வந்து இறங்கிய இத்தாலியரில் பெரும்பாலோர் குடியேறும் எண்ணத்தோடு வரவில்லை. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்து, பனி விழும்வரை ரயில் பாதையில் மண் வெட்டி, கடனை அடைத்து ஒரு துண்டு நிலம் வாங்கும் அளவுக்குக் காசு சேர்ந்ததும் திரும்பிவிடுவது என்பதே அவர்கள் போட்டிருந்த கணக்கு. அவர்களுக்கு மொழி தெரியாது. எங்கே ஆள் தேவை என்பதும் தெரியாது. கோர்டாஸ்கோ போன்ற ‘பத்ரோனே’க்கள், அதாவது வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் தரகர்கள், பிழைத்தது இந்த அறியாமையால்தான்.

கனடியன் பசிபிக் ரயில்வேக்கு இத்தாலியத் தொழிலாளரைத் திரட்டிக் கொடுத்தவர் அவர். கப்பல் டிக்கெட் விற்றார், வேலைக்குப் பெயர் பதியக் காசு வாங்கினார், மேஸ்திரிகளிடம் 10 டாலர் வசூலித்தார், முகாம்களுக்குப் போன உணவுப் பொருளிலும் லாபம் பார்த்தார். முடிசூட்டு ஊர்வலம் நடந்தது 1904 ஜனவரியில் என்பதைக் கவனியுங்கள். அது வேலையற்ற மாதம். பனி உருகியதும் யாரை அனுப்புவது என்ற பட்டியல் அவர் கையில் இருந்த மாதம். அந்தக் கிரீடத்தை அன்பின் அடையாளமாக நான் பார்க்கவில்லை. விளம்பரங்களை நம்பி ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்த அதே ஆண்டு, குளிர் நீண்டதால் வேலை தொடங்கத் தாமதமாகி, பலர் கையில் காசின்றி நகரத்தில் தவித்தார்கள். அரசு நீதிபதி ஜான் வின்செஸ்டர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தபோது, காசு கட்டி ஏமாந்த தொழிலாளர்கள் அவர் முன் வந்து சாட்சி சொன்னார்கள்.

கங்காணி என்ற சொல்லையும் நான் சற்று அவசரப்பட்டே பயன்படுத்திவிட்டேன். இலங்கைத் தோட்டங்களில் கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி, அவர்களோடு தோட்டத்திலேயே வாழ்ந்தார். கோர்டாஸ்கோ நகரத்து அலுவலகத்தில் அமர்ந்தபடி, முகமறியாதவர்களை முகாம்களுக்கு அனுப்பினார்.

அவர்களுக்கு வேறு துணை இருந்தது. அதைக் கட்டுரையில் சொல்லாமல் விட்டது என் குறை. குளிர்காலத்தில் முகாமிலிருந்து திரும்பியவர்கள், ஏற்கெனவே குடும்பத்தோடு இருந்த ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில் படுக்கைக்கு வாடகை கொடுத்துத் தங்கினார்கள். அந்த வீட்டுப் பெண் தன் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கும் சமைத்து, அவர்கள் அழுக்குத் துணிகளையும் துவைத்துக் கொடுத்தாள். ஒரு பருவத்துக்கு வந்தவர்களை ஊராக்கியது அவள் அடுப்படி என்றே நான் நம்புகிறேன்.

பிறகு மனைவியரை வரவழைத்தவர்கள், நிலம் மலிவாக இருந்த வடக்குப் பக்கம், மைல் எண்டை நோக்கி நகர்ந்து, வீட்டுக்குப் பின்னால் தக்காளியும் அவரையும் பயிரிட்டார்கள். லிட்டில் இத்தாலியில் நீங்கள் பார்க்கும் நோத்ர்-தாம்-த-லா-தெஃபான்ஸ் தேவாலயத்தின் பங்கு, அதாவது அதைச் சேர்ந்த மக்களின் திருச்சபைப் பிரிவு, 1910இல் உருவானது. கட்டடம் 1919இல் எழுந்தது. அந்தப் பெயர் மொலீசே மாநிலத்தின் காசாகலேந்தா என்ற சிற்றூரில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் நம்பிக்கையிலிருந்து வந்தது. அங்கிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர் மாதாவையே இங்கும் கொண்டுவந்து வைத்தார்கள்.

அக்டோபர் இறுதியில் அந்தத் தெருக்களின் கொல்லைப்புறங்களைக் கவனித்துப் பாருங்கள். மொன்றியல் குளிரை அத்தி மரம் தாங்காது. அதனால் ஒரு பக்க வேரை வெட்டித் தளர்த்தி, மரத்தை மெல்லச் சாய்த்து, பள்ளத்தில் கிடத்தி, பலகையும் மண்ணும் போட்டு மூடும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வசந்தத்தில் அதைத் தோண்டி நிமிர்த்துவார்கள்.

அன்புடன்.