அப்பாவின் குரல் உங்கள் வாயில் வந்தது பற்றி

மகன் தண்ணீரைக் கொட்டியதற்கு என் அப்பா சொல்லும் அதே வார்த்தையைச் சொல்லிக் கத்திவிட்டேன், நானும் அவராகவே ஆகிவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது, ஏனென்றால் என் கோபத்தில் என் அம்மாவின் குரல் கேட்கும்.

சட்டென்று கொதிக்கும் சுபாவம் ஓரளவு பிறப்பிலேயே வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் எந்த வார்த்தையை வீசுகிறோம் என்பது பார்த்துப் படிந்தது. 1961-ல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 72 சின்னக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்துத் திட்டுவதைப் பார்த்த பிள்ளைகள் பலர் அதே அடியை, அதே வார்த்தைகளோடு அப்படியே செய்து காட்டினார்கள். சில நிமிடம் பார்த்ததற்கே இப்படி, நீங்கள் பதினைந்து இருபது வருடம் பார்த்திருக்கிறீர்கள்.

சரி, உங்கள் அப்பா ஒருமுறையாவது உங்களிடம் மன்னிப்புக் கேட்டாரா? இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அன்று இரவே பையனிடம் கேட்டுவிட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அவருடைய நேர்மையும் உங்களிடம் இருக்கிறது என்கிறீர்களே, கோபத்தை வெறுக்கப்போய் அதையும் சேர்த்து உதறிவிடாதீர்கள். அடுத்த தடவை கோபம் ஏறும்போது உடம்பில் எங்கே முதலில் இறுகுகிறது என்று கவனியுங்கள் (எனக்குத் தாடை), அந்த நொடியே அறையை விட்டு வெளியே போய்விடுங்கள், அப்புறம் வந்து பேசலாம்.