மாற்றுக் குறையாத தங்கம்

கேள்வி: 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆலன் வெல்ஸ், அமெரிக்கா புறக்கணித்ததால் அதிர்ஷ்டவசமாகத் தங்கம் பெற்றவர்தானே? சென்ற இதழில் அவரை ஏன் அவ்வளவு தூக்கிப் பிடித்தீர்கள்? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: அமெரிக்கர்கள் வரவில்லை என்பது சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்திருக்கும் முடிவுதான் தவறு. அதே கோடையில் மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில், மாஸ்கோவுக்கு வராத ஸ்டான்லி ஃப்ளாய்ட் உள்ளிட்ட அமெரிக்காவின் முன்னணி ஓட்டக்காரர்களுடன் வெல்ஸ் 100 மீட்டர் ஓடினார். அவர்கள் அத்தனை பேரையும் முந்தினார். மறு ஆண்டு ரோமில் நடந்த தடகள உலகக் கோப்பையிலும் ஐரோப்பிய அணிக்காக 100 மீட்டரில் முதலிடம் பெற்றார். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதிர்ஷ்டம் என்று ஒரே சொல்லில் ஒரு மனிதரின் உழைப்பைத் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாஸ்கோவிலேயே 200 மீட்டர் இறுதியில் அவருடன் ஓடியவர்களைப் பாருங்கள். முந்தைய ஆண்டு மெக்ஸிகோ நகரில் 19.72 விநாடியில் உலகச் சாதனை படைத்த இத்தாலியின் பியெத்ரோ மென்னியாவும், 1976 ஒலிம்பிக்கின் 200 மீட்டர் சாம்பியனான ஜமைக்காவின் டான் குவாரியும் அங்கே இருந்தார்கள். மென்னியா 20.19 விநாடியில் தங்கம் வென்றார், வெல்ஸ் 20.21 விநாடியில் வெள்ளி வென்றார்.

எடின்பரோவில் பிறந்து, கப்பல் பொறியியல் வேலை பழகி, நீளம் தாண்டுபவராக விளையாட்டுக்கு வந்த வெல்ஸ், இருபதுகளின் நடுவில்தான் குறுந்தூர ஓட்டத்தில் முழுமூச்சாக இறங்கினார். பயிற்சியாளர் அவருடைய மனைவி மார்கோ. குத்துச்சண்டை வீரர்கள் கை பழகும் தொங்கு பந்தை மணிக்கணக்கில் குத்துவது இவர்களுடைய பயிற்சியில் முக்கியமான ஒன்று. காலை ஊன்றி உந்துவதற்கான ஸ்டார்ட்டிங் பிளாக்கைப் பயன்படுத்தும் வழக்கமே அவருக்குக் கிடையாது. மாஸ்கோவில் அது கட்டாயம் என்று விதி வந்தபோது, 28 வயதில், ஒலிம்பிக்குக்குச் சற்று முன்புதான் அதில் பழகினார். அப்படிப் பழகியவர் ஆரம்பச் சுற்றுகளில் ஒன்றை 10.11 விநாடியில் ஓடிப் பிரிட்டிஷ் சாதனை படைத்தார்.

ஜூலை 25 இறுதி ஓட்டத்தில் அவருக்கு எட்டாவது தடம். கியூபாவின் சில்வியோ லியோனார்டுக்கு முதல் தடம். மைதானத்தின் இரு ஓரங்களிலிருந்தும் ஓடி வந்த இருவருக்கும் 10.25 என ஒரே நேரம் பதிவானது. முடிவுக் கோட்டைத் தொடும் கணத்தில் வெல்ஸ் உடலை முன்னே சாய்த்திருந்ததைப் புகைப்படம் காட்டியது, தங்கம் அவருடையதாயிற்று. 1924க்குப் பிறகு பிரிட்டன் இந்த ஓட்டத்தில் வென்றது அப்போதுதான்.

புறக்கணிப்பு அவருக்கு வசதி செய்து கொடுத்தது என்கிறீர்கள். அதன் சுமையும் அவர் தலையில்தான் விழுந்தது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துத்தான் அந்தப் புறக்கணிப்பு. போக வேண்டாம் என்று பிரிட்டனின் தாட்சர் அரசும் வீரர்களை நெருக்கியது. தமக்கு வந்த கடிதமொன்றில், ஆப்கானிஸ்தானில் இறந்து கிடக்கும் சிறுமியும் அவள் கைக்கு எட்டாமல் கிடக்கும் பொம்மையும் உள்ள படம் இருந்தது என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வென்ற பிறகும் அவருக்காக ஏறியது பிரிட்டிஷ் கொடியல்ல, ஒலிம்பிக் கொடிதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அதே மாஸ்கோவில்தான் நம் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. ஹாக்கியில் வலுவான பாகிஸ்தானும் மேற்கு ஜெர்மனியும் அங்கே வரவில்லை. அந்தப் பதக்கத்தையும் அதிர்ஷ்டம் என்று எழுத உங்களுக்கு மனம் வருமா?

1986இல் வெல்ஸின் சொந்த ஊரான எடின்பரோவில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தபோது அணியில் அவருக்கு இடமில்லை. அங்கே 100 மீட்டரில் தங்கம் வென்ற கனடாவின் பென் ஜான்சனை, சில நாட்களில் கேட்ஸ்ஹெட் நகரில் நடந்த ஓட்டத்தில் வெல்ஸ் தோற்கடித்தார். அப்போது அவருக்கு வயது 34.